இளவேனிற் கொல்லைத் தோட்டம்: நீரை அளந்து நிலத்தைக் கொத்துவோம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை அறியாத குடியானவர் இல்லை. தைப் பட்டத்திற்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. ஆயினும், வீட்டின் பின்புறத்தில் சிறிதளவு மண்ணை மட்டுமே உடைய நம் சங்க அங்கத்தினர் பலருக்கும் கைகொடுப்பது தைப் பட்டமேயாகும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்பொழுது நிலத்தின் அடியில் எஞ்சியிருக்கும். மார்கழிப் பனி விலகி வெயில் இதமாக ஏறத் தொடங்கும். மழைக்காலத்தில் நாற்றை அழுகச் செய்யும் நோய்களின் கொடுமையும் தணிந்திருக்கும். தையிலும் மாசி முற்பகுதியிலும் ஊன்றிய விதை பங்குனியிலும் சித்திரையிலும் பலன் தரும். கோடையில் பசுங்கறிக்கு முடை நேரும் சமயம் அதுவே.

நெசவாளர் குடும்பங்களுக்கு இப்பருவம் வேறொரு வகையிலும் பொருத்தமானது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவில் பாவு ஓட்ட இயலாது. கஞ்சி போட்ட பாவு காய்வதற்கு வெயிலும் இராது. குழித்தறியில் நீர் ஊறுவதும் உண்டு. அம்மாதங்களில் கூலி குறைந்து, மளிகைக் கடையிலும் காய்கறிக் கடையிலும் கணக்கு நீண்டுவிடுகிறது. தை பிறந்து தறி மீண்டும் ஓடத் தொடங்கும்பொழுது, வருகின்ற கூலி பழைய கடனுக்கே சரியாகிப் போகிறது. இந்நிலையில் கொல்லையிலிருந்து நாள்தோறும் ஒரு பிடி கீரை வருமாயின், அது சிறு உதவியேயாயினும் தக்க சமயத்தில் வரும் உதவியாகும்.

கொல்லைத் தோட்டத்தின் சிறப்பைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர். அவற்றைப் படித்து உற்சாகத்துடன் தொடங்கியவர்களும் பலர். ஆனால் தையில் தொடங்கிய தோட்டங்களுள் எத்தனை சித்திரையைக் கண்டன என்று கேட்டால், விடை மகிழ்ச்சி தருவதாக இராது. அதற்குரிய காரணத்தை ஆராய்ந்து, பரிகாரம் ஒன்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாண்டில் செய்த பிழை

இப்பிழையை நானும் செய்தவன். எங்கள் வீட்டுக் கொல்லை ஒரு செண்டுக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 400 சதுர அடி. முதலாண்டு தை மாதத்தில் அவ்வளவையும் கொத்தினேன். மண் ஈரமாகவும் பொலபொலவென்றும் இருந்தது. கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, கீரை, கொத்தவரை என்று கையில் கிடைத்த விதைகளையெல்லாம் விதைத்தேன். மாசியில் தோட்டத்தைக் கண்டவர்கள் புகழ்ந்தார்கள். பங்குனி பிறந்ததும் கிணற்று நீர் கீழே போயிற்று. தெருக்குழாயில் நீர் வருவதும் ஒன்றுவிட்டு ஒருநாள் என்றாயிற்று. தறியில் அமர்ந்திருந்த எனக்கு முதலில் இது தெரியவில்லை. என் மனைவியும் மகளும் வீட்டிற்கு நீர் சுமந்தது போதாமல் செடிகளுக்கும் குடம் குடமாகச் சுமந்துகொண்டிருந்தனர். தார் சுற்ற வேண்டிய கைகள் குடம் சுமந்தமையால், ஊடை நூல் இன்றித் தறி நின்றபொழுதே நான் விழித்துக்கொண்டேன். அதற்குள் அவரைக் கொடி பந்தலெங்கும் படர்ந்தும் ஒரு பூவும் காட்டவில்லை. தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்தது. வெண்டை பிஞ்சிலேயே வெம்பியது. சித்திரை முதல் வாரத்தில் தோட்டத்தைக் கைவிட்டோம்.

‘நீர் போதவில்லை’ என்று அப்பொழுது கூறிக்கொண்டேன். பிறகு அமைதியாகச் சிந்தித்தபொழுது உண்மை புலப்பட்டது. நீர் குறைவாக இருந்தது என்பதைவிட, நிலத்தை அளவுக்கு மீறிக் கொத்தினேன் என்பதே சரி. கொத்துவதற்கு முன்பு நிலத்தை அளந்தேனேயன்றி, நீரை அளக்கவில்லை. மேலும், வீட்டினர்க்கு உதவியாக இருக்க வேண்டிய தோட்டம், வீட்டுப் பெண்டிரின் தலையில் மேலும் ஒரு சுமையாயிற்று. சுமந்து வந்த நீரால் வளர்க்கும் கீரை மலிவான கீரையன்று.

ஒரு லிட்டருக்கு இரண்டு சதுர அடி

அடுத்த ஆண்டு மார்கழியில், மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பு வேறொரு காரியம் செய்தோம். சமையலறையிலிருந்து வெளியேறும் நீரைக் கொட்டாமல் மூன்று நாட்கள் ஒரு தொட்டியில் பிடித்து, குடத்தால் முகந்து எண்ணினோம். அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், சாம்பலிட்டுப் பாத்திரம் துலக்கிய நீர் ஆகியவை மட்டுமே கணக்கு. ஐந்து பேர் கொண்ட எங்கள் குடும்பத்தில் நாளொன்றுக்கு மூன்று குடத்திற்கு மேலும் நான்கு குடத்திற்குள்ளும் வந்தது. குடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளுமாதலின், சராசரி 50 லிட்டர் எனக் கொண்டோம்.

இனி, அந்நீர் எவ்வளவு நிலத்திற்குப் போதும் என்பதைக் காண்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நின்றால் அது ஒரு லிட்டர் ஆகும். நம் பக்கத்துக் கோடையில் பயிரின் இலைவழியாகவும் மண்வழியாகவும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 அல்லது 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிப் போகிறது. நூறு சதுர அடி என்பது 9.3 சதுர மீட்டர். ஆகவே நூறு சதுர அடித் தோட்டம் நாள்தோறும் 50 லிட்டர் அளவில் நீர் கேட்கும். இதையே எளிதாகச் சொன்னால், ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு சதுர அடி நிலம். மூன்று நாள் அளந்த நீரின் சராசரியை இரண்டால் பெருக்குங்கள். வரும் தொகையே உங்கள் தோட்டத்தின் பரப்பு. அதற்கு மேல் ஒரு சாண் கொத்துவதும் வீண் உழைப்பே.

எங்கள் கணக்கிற்கு நூறு சதுர அடியே வந்தது. முந்தைய ஆண்டு கொத்தியதில் கால் பங்குதான் அது. ஆனால் அக்கால் பங்கு சித்திரையைக் கடந்து வைகாசியிலும் பசுமையாக நின்றது. ஒரு குடமும் கூடுதலாகச் சுமக்கவில்லை.

எந்த நீர் எதற்கு?

புழங்கிய நீரெல்லாம் ஒரே தன்மையன அல்ல. அரிசி களைந்த நீரையும் காய் கழுவிய நீரையும் எல்லாச் செடிகளுக்கும் தயங்காமல் விடலாம். அந்நீரைத் தேக்கி வைத்தல் கூடாது. அன்றைய நீரை அன்றே ஊற்றிவிட வேண்டும். மறுநாள் வரை நின்றால் நாற்றமும், அதற்கு மேல் நின்றால் கொசுவும் உண்டாகும்.

குளித்த நீரில் சோப்பு கலந்திருக்கும். அதை வாழைக்கும் முருங்கைக்கும் கொடிக்காய்களின் குழிக்கும் வேரில் விடலாம். கூழாங்கல், அடுப்புக்கரி, மணல் ஆகியவற்றை அடுக்கிய ஒரு சிறு குழியின் வழியாக வடியவிட்டால் நலம். கீரைப் பாத்திக்கும் கொத்தமல்லிக்கும் அந்நீர் ஆகாது. துணி துவைத்த நீரில் சோடா உப்பு மிகுதி. அது தொடர்ந்து பாய்ந்தால் மண் இறுகிப்போகும். மண்ணின் மேல் வெண்மையாகப் பூத்திருப்பதைக் கண்டால், அந்த நீரை உடனே வேறு வழியில் திருப்பிவிடுக.

நெசவாளர் அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நூலுக்குச் சாயம் தோய்த்த நீர் ஒரு சொட்டும் தோட்டத்தில் விழலாகாது. சாய வகைக்கு ஏற்ப அதில் காரமும் உப்பும் வேறு மருந்துகளும் நிறைந்திருக்கின்றன. நிறம் தெளிந்த அலசல் நீரிலும் உப்பு நீங்குவதில்லை; நீர் ஆவியானாலும் உப்பு மண்ணிலேயே தங்குகிறது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நொய்யலாற்றின் குறுக்கே பாசனத்திற்கென்று கட்டப்பெற்று 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், சாயக் கழிவே வந்து தேங்கியது. உணவு விளைவிக்க வந்த அணை, சுற்றியுள்ள நிலத்தையும் கிணறுகளையும் கெடுக்கும் அணையாயிற்று. விவசாயிகள் தொடுத்த வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூடும்படி ஆணையிடும் அளவிற்கு அது சென்றது. ஓர் ஆற்றுக்கு நேர்ந்தது ஒரு கொல்லைக்கு நேர எத்தனை நாளாகும்? நெசவும் வேளாண்மையும் ஒரே சங்கத்தின் இரு கைகளாக விளங்கும் நமக்கு இது என்றும் நினைவில் இருத்தல் வேண்டும்.

மண்ணைப் பண்படுத்துதல்

கொல்லை மண் பெரும்பாலும் மிதிபட்டு இறுகிய மண். கல், ஓடு, கண்ணாடிச் சில்லு முதலியவற்றைப் பொறுக்கி நீக்கி, ஓர் அடி ஆழம் கொத்திப் புரட்டி, ஒரு வாரம் வெயிலில் ஆறவிட வேண்டும். பின்பு நூறு சதுர அடிக்கு 25 கிலோ வீதம் நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலந்து சமப்படுத்துக. மக்காத சாணம் கறையானை அழைக்கும். பாத்திகள் மூன்றடி அகலத்திற்கு மேற்படாதிருந்தால், இருபுறமும் நின்று களை எடுக்கலாம். பாத்திக்குள் கால் வைக்க நேராது. மழைக்காலத்தில் பாத்தியை உயர்த்திக் கட்டுவது வழக்கம். கோடைக்கு அதற்கு மாறாகச் சற்றுத் தாழ்த்திக் கட்டி, சுற்றிலும் வரப்பு அமைத்தால் ஊற்றிய நீர் வெளியே ஓடாது.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் தேவை. காலை முதல் நண்பகல் வரை வெயில் படும் இடமே சிறந்தது. பிற்பகலில் சுவரின் நிழலோ, முருங்கையின் மெல்லிய நிழலோ விழுமாயின் சித்திரையில் அது செடிகளுக்குக் குடையாகும்.

எதை விதைப்பது, எதைத் தவிர்ப்பது?

நூறு சதுர அடியை நாங்கள் பகிர்ந்துகொண்ட முறை இது. நடைபாதை இக்கணக்கில் சேராது.

கீரைக்கு 30 சதுர அடி. அதைப் பத்துப் பத்துச் சதுர அடியாக மூன்று பாத்திகளாக்கி, ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாள் இடைவிட்டு ஒவ்வொன்றாக விதைத்தோம். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாட்களில் பறிப்புக்கு வரும். ஒன்று தீரும்பொழுது மற்றொன்று தயாராகும். விதை மிகச் சிறியதாதலின், நான்கு பங்கு மணலுடன் கலந்து தூவி, கையால் மண்ணை மேலாகக் கிளறிவிட்டால் போதும்.

வெண்டைக்கு 30 சதுர அடி. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி இடைவெளியில் 20 செடிகள் நிற்கும். விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒருமிக்க முளைக்கும். 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். இலை நரம்புகள் மஞ்சளாகும் தேமல் நோய் கோடையில் வெண்டைக்குப் பெரும் பகை. வெள்ளை ஈ அதனைப் பரப்புகிறது. பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தார் வெளியிட்ட ‘அர்கா அனாமிகா’ அந்நோயைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட இரகமாகும். எந்த இரகமாயினும், நோய் கண்ட செடியை இரக்கப்படாமல் பிடுங்கி அகற்றுவதே மற்றவற்றைக் காக்கும் வழி.

கத்தரிக்கு 24 சதுர அடி. இரண்டடி இடைவெளியில் ஆறு செடிகள். நாற்று 30 முதல் 35 நாள் வளர்ந்திருக்க வேண்டுமாதலின், மார்கழியிலேயே ஒரு பழைய கூடையில் நாற்று விட்டுத் தையில் எடுத்து நடுதல் நன்று.

எஞ்சிய 16 சதுர அடியில் கொத்தவரை. வறட்சியைத் தாங்குவதில் இதற்கு நிகரான காய் அரிது. பயறு வகையாதலால் மண்ணுக்கும் தழைச்சத்துச் சேர்க்கும்.

இவையன்றி, குளித்த நீர் ஓடும் வழியில் ஓர் அடிக் குழி இரண்டு எடுத்து, எரு நிரப்பி, ஒன்றில் பீர்க்கும் மற்றொன்றில் பாகலும் ஊன்றி வேலியின்மேல் ஏற்றிவிடலாம். அவற்றிற்குரிய நீர் தனிக் கணக்கு.

இனித் தவிர்க்க வேண்டியவை. முதலாவது அவரை. நாட்டுப் பந்தல் அவரை பகற்பொழுது குறுகும் காலத்தில் பூக்கும் இயல்புடையது. ஆடியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகையில் காய்க்கும். தையில் ஊன்றினால் பகல் நீண்டுகொண்டே போவதால் கொடிதான் ஓடும். இரண்டாவது தக்காளி. கடும் பகல் வெப்பத்திலும் புழுக்கமான இரவிலும் அதன் பூ பிஞ்சாகாமல் உதிர்ந்துவிடுகிறது. தக்காளி வேண்டுவோர் கார்த்திகையிலேயே நாற்று விட்டு, வெயில் முற்றுமுன் காய் பறித்துவிட வேண்டும். முதலாண்டு என் பந்தல் பூக்காமைக்கும் தக்காளி உதிர்ந்தமைக்கும் நீரன்று, காலமே காரணம் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பேணும் முறை

நீரைக் காலையிலோ மாலையிலோ வேரடியில் விடுக. உச்சி வெயிலில் விடும் நீரில் ஒரு பங்கு வீணாகும். மண்ணின்மேல் காய்ந்த சருகையோ வைக்கோலையோ இரண்டு விரற்கடை உயரம் பரப்பி வைத்தால் ஈரம் காக்கப்படும், களையும் குறையும்.

பூச்சிகளுக்கு அஞ்சி உடனே கடைமருந்தை நாட வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒருமுறை செடிகளைச் சுற்றி வருபவரின் கண்ணே முதல் மருந்து. கத்தரியின் நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். அக்குருத்தை ஓர் அங்குலம் கீழாகக் கிள்ளி எரித்துவிடுக. பாகலில் பழ ஈ கண்டு வீழ்ந்த காய்களைத் தோட்டத்தில் விடாமல் அழிக்கவும். அசுவினிக்கும் இலை தின்னும் வண்டுக்கும் பனி ஈரம் உலருமுன் விறகுச் சாம்பலைத் தூவலாம். இன்னும் மிகுந்தால், லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பெரிதும் பயன்தரும்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு காய் முற்றினால் அச்செடி அடுத்த காயைத் தருவதில் சுணங்கும். விதைக்கென்று நல்ல செடியில் இரண்டு காய்களை மட்டும் விட்டு, தறியில் எஞ்சிய வண்ண நூலால் கட்டி அடையாளமிடுக. வீட்டார் மறந்து பறிக்காதிருக்க அது உதவும். ஒட்டு வீரிய விதையில் விளைந்த காயை விதைக்கு வைத்தல் ஆகாது. அது தாயைப் போல் வராது.

வரவு செலவு

கொல்லைத் தோட்டத்தால் காய்கறிச் செலவே இல்லாமற் போய்விடும் என்று கூறுவது மிகை. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐவர் குடும்பத்திற்கு அது மாதம் 60 கிலோ. நூறு சதுர அடி நிலம் அதைத் தராது. பத்துச் சதுர அடிக் கீரைப் பாத்தி ஒரு பறிப்பில் ஏறக்குறைய ஒரு கிலோ தரும்; இருபது வெண்டைச் செடிகள் பருவம் முழுவதற்கும் மூன்று, நான்கு கிலோ தரும். அவ்வளவே.

ஆயினும் இச்சிறு வரவின் தன்மையை நோக்குங்கள். கையில் காசில்லாத நாளில் குடும்பம் முதலில் நிறுத்துவது கீரையையும் காயையுமே, அரிசியை நிறுத்துவதில்லை. அந்நாட்களிலும் குழந்தைகளின் தட்டில் பசுமையான ஒரு பொருள் விழுவதற்குக் கொல்லைத் தோட்டம் வழிசெய்கிறது. செலவோ மிகச் சொற்பம்: விதை, எரு, நாளொன்றுக்கு அரைமணி நேரம். நீர் ஏற்கெனவே வாங்கியும் சுமந்தும் பயன்படுத்திய நீர். ஒருமுறை சுமந்த நீரை இருமுறை பயன்கொள்வதே இத்தோட்டத்தின் இலாபம்.

சங்கம் செய்யக்கூடியது

தனித்து வாங்கினால் ஒரு பிடி விதைக்கும் முழுப் பொட்டலத்தின் விலை தர வேண்டும். பத்து அங்கத்தினர் கூடி வாங்கினால் பொட்டலமொன்று பத்துக் கொல்லைகளுக்குப் போதும். மாடு வைத்திருக்கும் வேளாண் அங்கத்தினரிடம் தொழு உரம் மிகுந்திருக்கும், நெசவாளரிடம் இராது. சங்கக் கூட்டத்தன்று ஒரு மூட்டை எருவும் ஒரு கை நாட்டு விதையும் கைமாறுவதற்குத் தனித் தீர்மானம் வேண்டுமா? வேப்பங்கொட்டை உதிரும் ஆனி, ஆடி மாதங்களில் பொறுக்கி உலர்த்திச் சங்கத்தில் சேர்த்து வைத்தால், அடுத்த தைப் பட்டத்திற்கு அனைவருக்கும் மருந்து கையிலிருக்கும்.

இவையெல்லாம் பின்னர் நடக்கட்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் இம்மாதம் செய்ய வேண்டியது ஒன்றே. இல்லத்தாருடன் கலந்துகொண்டு, மூன்று நாட்கள் சமையலறை நீரைத் தொட்டியில் பிடித்து அளந்து பாருங்கள். இருபது லிட்டரே வந்தால் நாற்பது சதுர அடியே கொத்துங்கள். நாற்பது சதுர அடி சிறிது என்று எண்ண வேண்டாம். மாசியில் ஊரார் வியக்கும் தோட்டத்தைவிட, சித்திரையில் வீட்டார் பறித்து உண்ணும் தோட்டமே சிறந்தது.